மடங்காத விரலும் வறண்ட கண்ணும்

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டுவாதம் இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் முட்டியைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு அடுத்தபடி விரல். வீக்கம் வடிந்ததா, மாடிப்படி ஏற முடிகிறதா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அக்கறையோடு கேட்பவர்களில் ஒருவர்கூட ‘கண் எப்படி இருக்கு?’ என்று கேட்டதில்லை. மூட்டு டாக்டரிடம் கிடைக்கும் நேரம் மூட்டுக்கே போதவில்லை. கண் டாக்டர் பார்வையைச் சோதிக்கிறார், விரல் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கவனிக்காமல் விட்டுப்போவது கண் வறட்சி. எனக்கு இன்றைக்கு மூட்டு வலியைவிட அதிகத் தொல்லை கொடுப்பது அதுதான். அதனால் இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றி.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். நாள் முழுக்க எழுத்தோடுதான் வேலை. கண்ணில் ஏதோ சரியில்லை என்று முதலில் காட்டிக்கொடுத்தது எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. மதியத்துக்கு மேல் ‘க்’ எது, ‘க’ எது என்று பிடிபடாது. ஒருமுறை கண்ணை இறுக மூடித் திறந்தால் புள்ளி பளிச்சென்று வந்து நிற்கும். இரண்டு வரி படிப்பதற்குள் மறுபடி கரைந்துவிடும். கண்ணாடியின் பவரை மாற்றிப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. இமைத்தால் தெளிகிறது, இமைக்காவிட்டால் மங்குகிறது என்றால் சிக்கல் கண்ணாடியில் இல்லை, கண்ணின் மேல் பரவியிருக்க வேண்டிய கண்ணீர்ப் படலத்தில் இருக்கிறது. பார்வையின் தெளிவுக்கு அந்தப் படலமும் ஒரு காரணம் என்பதை எனக்கு யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

அந்தப் படலத்தில் மூன்று சமாசாரம் சேர்ந்திருக்கிறது. கண்ணோடு ஒட்டி வழவழப்பான சளி, அதன் மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய். நீரைச் சுரப்பவை கண்ணுக்கு மேல் இருக்கும் பெரிய கண்ணீர்ச் சுரப்பியும் இமைக்குள் இருக்கும் சின்னச் சுரப்பிகளும். எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். எண்ணெய் இல்லாவிட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். என்னைப் போன்றவர்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதோடு நிற்பதில்லை, கண்ணீர்ச் சுரப்பி, எச்சில் சுரப்பி வரைக்கும் போகிறது. ஒரே நோய்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. மூட்டுவாதம் ஒரு பக்கம், கண் வறட்சி வேறொரு பக்கம் என்று தனித்தனியாக வைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இந்தத் தொடர்பைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ஷோக்ரன். அவர் கண் மருத்துவர். 1933-இல் கொடுத்த முனைவர் ஆய்வேட்டில் கண்ணும் வாயும் வறண்டுபோன 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்தது. அந்த ஆய்வேட்டுக்கு அப்போது நல்ல மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. கண்ணைப் பார்க்க வந்த பெண்களின் மூட்டையும் வாயையும் சேர்த்துப் பார்த்த அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. இன்று அவர் பெயராலேயே ஷோக்ரன் நோய் என்கிறார்கள். தனியாகவும் வரும், ருமட்டாய்டு, லூபஸ் போன்று எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்களோடு சேர்ந்தும் வரும். வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் மூட்டுவாதத்தோடு கண் வறட்சி இருக்கும் எல்லோருக்கும் ஷோக்ரன் என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் ஆன்ட்டி-ரோ, ஆன்ட்டி-லா என்று சில எதிர்பொருட்களைத் தேடுவார்கள். அது நெகட்டிவாக வந்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது.

‘உனக்குத்தான் கண்ணிலிருந்து தண்ணி கொட்டுதே, அப்புறம் என்ன வறட்சி?’ இது என் அக்கா கேட்டது. நியாயமான கேள்வி. மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது, தூசி விழுந்தால் எப்படியோ அப்படி, கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்து போய்விடும். வழிந்த சற்று நேரத்தில் எரிச்சல் திரும்பி வந்துவிடும். காற்றில் நடந்தால் கண்ணில் நீர் வழிகிறது, ஆனால் உட்கார்ந்து படித்தால் மணல் அரிக்கிறது என்று யாராவது சொன்னால், அவரைக் கண் வறட்சிக்குப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பரிசோதனை எளிமையானது. 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளத்தில் ஒரு வடிதாள் துண்டு. நுனியை மடித்துக் கீழ் இமையின் ஓரத்தில் மாட்டிவிடுவார்கள். கண்ணை மெதுவாக மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கண்ணீர் தாளில் எவ்வளவு தூரம் ஊறி இறங்குகிறது என்று அளக்கிறார்கள். 10 மி.மீ.க்கு மேல் போனால் பொதுவாகக் கவலையில்லை, 5-க்குக் கீழே என்றால் வறட்சி அதிகம். இதற்கு ஷிர்மர் பரிசோதனை என்று பெயர். எனக்கு வலது கண் தாள் கொஞ்சமாவது நனைந்தது. இடது கண் தாள் மடித்த இடத்தைத் தாண்டி ஏறக்குறைய நனையாமலே இருந்தது. பிறகு மஞ்சள் சாயம் ஒன்றைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவிழியின் கீழ்ப்பாதியில் பச்சைப் பொட்டுகளாக ஒளிர்ந்ததைத் திரையில் எனக்கும் காட்டினார் டாக்டர். ஒவ்வொரு பொட்டும் மேல்தோல் செல்கள் சேதமான இடம். அதைப் பார்த்த பிறகுதான், என் எரிச்சல் நான் கற்பனை செய்துகொள்வதல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. அந்தச் சாயம் மூக்கு வழியாகவும் இறங்கும், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை மஞ்சளாகும், பயப்பட வேண்டாம்.

அழுகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வெளியே யாரும் பேசுவதில்லை. நெருங்கிய தோழி ஒருத்தி இறந்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது, நெஞ்சு விம்மியது, கண் மட்டும் நெருப்பாக எரிந்தது. ஒரு சொட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்களோ என்று வெகுநாள் வருந்தியிருக்கிறேன். சுரப்பி பழுதானால் துக்கம் வந்தாலும் கண்ணீர் வராமல் போகலாம். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், உங்கள் மனசில் குறை ஒன்றுமில்லை.

இனி சொட்டு மருந்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது இங்கேதான். கண் வறட்சிக்கு முதல் மருந்து செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட், ஹைப்ரோமெல்லோஸ் என்று பல வகை இருக்கிறது. ஒருவருக்கு ஒத்துப்போவது இன்னொருவருக்கு ஒத்துப்போகாது, மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நாளுக்கு நாலு தடவைக்கு மேல் விடுவதாக இருந்தால் பதப்பொருள் கலக்காத மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பல பாட்டில்களில் கிருமி சேராமலிருக்க பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள். அடிக்கடி பட்டால் அதுவே கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கும். ஏற்கெனவே புண்ணான கண்ணுக்கு அது கூடுதல் தண்டனை.

பதப்பொருள் இல்லாத மருந்து பெரும்பாலும் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் வருகிறது. குப்பியின் கழுத்தைத் திருகி ஒடிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நெல்மணி அளவு பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்துத் திருக வேண்டும். கண் மிகவும் காய்ந்திருப்பது விடிகாலையில். இமை கருவிழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வெடுக்கென்று திறந்தால் மேல்தோல் உரியும். மூட்டு மிகவும் இறுகியிருப்பதும் அதே விடிகாலையில். கை மரத்துப்போய் விரல் மடங்காது. கண்ணுக்கு மருந்து எப்போது அவசரமாகத் தேவையோ அப்போதுதான் கை முழுவதுமாக மறுக்கிறது. இந்த மருந்துக் குப்பியை வடிவமைத்தவர்கள் மூட்டுவாதக்காரர் ஒருவரின் கையில் கொடுத்து ஒரு காலை வேளையில் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இந்த மருந்து அதிகம் தேவைப்படுகிறவர்களே நாங்கள்தானே!

பதப்பொருள் இல்லாமலே பலமுறை பயன்படுத்தும் பாட்டில்களும் உண்டு. உள்ளே ஒரு வால்வு இருப்பதால் கிருமி நுழையாது. ஆனால் அவற்றில் பல, சாதாரண பாட்டிலைவிட அழுத்திப் பிழிய வேண்டியவை. வாங்குவதற்கு முன் பிழிந்து பார்க்க முடியாது என்பதால் டாக்டரிடம் உங்கள் விரலைக் காட்டியே கேளுங்கள். பாட்டிலை உள்ளே வைத்து நீளமான கைப்பிடியால் அழுத்தும் துணைக்கருவிகள் விற்கிறார்கள். அது வந்த பிறகு எனக்குப் பாதிப் போராட்டம் குறைந்தது. குப்பி என்றால் கழுத்தைச் சின்ன இடுக்கியால் பிடித்துத் திருகுகிறேன். குப்பியின் வாய் எதன் மேலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்து விடுவதை நான் விட்டுவிட்டேன். கழுத்து எலும்பும் எனக்குச் சரியில்லை. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, கண்ணை மூடியபடியே மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, பிறகு மெதுவாகத் திறந்தால் மருந்து தானாக உள்ளே வழிந்து போகும். கை நடுங்குகிறவர்களுக்கு இது நல்ல முறை. ஒரு சொட்டு போதும். கண்ணில் தங்கக்கூடிய அளவு சுமார் 30 மைக்ரோலிட்டர்தான். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே பெரும்பாலும் அவ்வளவு, சிலசமயம் அதைவிட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். இரண்டு வேறு மருந்து விட வேண்டியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். களிம்பு எப்போதும் கடைசியில்.

வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் மகள் வந்து விடுகிறாள். “மேல பாரும்மா. மேலன்னா கூரையைப் பாரு, என்னைப் பார்க்காத.” “சீக்கிரம் விடுடி, எரியுது.” “நீ இமைச்சுக்கிட்டே இருந்தா எப்படி விடுறது?” கீழ் இமையை அவள் ஒரு விரலால் இழுத்துப் பிடிக்கும்போது அந்த விரல் எவ்வளவு சுலபமாக மடங்குகிறது என்று கவனித்திருக்கிறேன். அவளிடம் கேட்பதில் எனக்கு இப்போது கூச்சமில்லை. உதவிக்கு ஆள் இருந்தால் கேளுங்கள், மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குக் காலையில் கைகொடுப்பது வெதுவெதுப்பு. ஒரு பாத்திரத்தில் சூடு பொறுக்கக்கூடிய நீர். முதலில் கையை அதில் முக்கி விரல்களை மெல்ல மடக்கி நீட்டுகிறேன். பிறகு சுத்தமான துணியை வேறு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் வைத்துக்கொள்கிறேன். சூடு ஆறினால் மாற்ற வேண்டும், அஞ்சு பத்து நிமிடமாவது சூடு தங்க வேண்டும். இமை விளிம்பில் உறைந்திருக்கும் எண்ணெய் இளகும். அப்புறம் இமையை விளிம்பை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. கை முடிந்து கண் முடிவதற்குள் விரல் குப்பியைப் பிடிக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

செயற்கைக் கண்ணீர் ஈரம் கொடுக்கும், அழற்சியைத் தணிக்காது. அதற்கு எனக்குக் கொடுத்தது சைக்ளோஸ்போரின் சொட்டு. விட்டவுடன் எரியும், அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பலன் தெரிய சில மாதங்கள் ஆகும். எரிகிறது, பலனில்லை என்று பலர் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பொறுத்திருந்தது வீண்போகவில்லை, அடுத்த பரிசோதனையில் பச்சைப் பொட்டுகள் குறைந்திருந்தன. ஸ்டீராய்டு சொட்டு கொஞ்ச நாளுக்கு டாக்டர் கண்காணிப்பில் விடலாம். தானாக வாங்கித் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு என்று விற்பவை ரத்தக்குழாயைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டுகின்றன, வறட்சிக்கு ஒன்றும் செய்வதில்லை. இன்னொரு எச்சரிக்கை. டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்ற வலி நிவாரணிச் சொட்டுகள், ருமட்டாய்டும் கடும் வறட்சியும் உள்ளவர்களுக்குச் சிலசமயம் கருவிழியையே கரைத்துவிடக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தது மிச்சம் இருக்கிறது என்று எடுத்து விட்டுக்கொள்ளாதீர்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடச் சொல்லி எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஒமேகா-3 மாத்திரையும் மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரையும் ஓர் ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் நிவாரணம். நான் வாங்கவில்லை.

வேலையை நான் விடவில்லை, முறையை மாற்றிக்கொண்டேன். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரையையோ பக்கத்தையோ உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைப்பதும் அரைகுறையாகத்தான், மேல் இமை கீழே வந்து தொடுவதே இல்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ணை முழுசாக மூடி, ஒரு மூச்சு விட்டு, திறக்கிறேன். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தேன். கீழே பார்த்தால் இமை பாதி மூடியிருக்கும், ஆவியாகும் பரப்பு குறையும். மின்விசிறியும் ஏசியும் முகத்துக்கு நேராக இல்லாதபடி மேசையைத் திருப்பிப் போட்டேன். வெளியே போனால் பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி. நுணுக்கமான மெய்ப்பையெல்லாம் முற்பகலிலேயே முடித்துவிடுகிறேன், புள்ளி அப்போது நிலையாக நிற்கிறது.

கண்ணீர் வடிந்து போகும் துளையை, இமையின் உள்மூலையில் இருக்கும் அந்தச் சின்ன வாயை, சிலிக்கான் அடைப்பான் வைத்து மூடும் சிகிச்சையும் உண்டு. அழற்சி இருக்கும்போது மூடினால் அழற்சிப் பொருட்களும் கண்ணிலேயே தேங்கும் என்று என் டாக்டர் முதலில் சைக்ளோஸ்போரினைத் தொடரச் சொன்னார். இப்போது இரண்டு கீழ் இமைகளிலும் வைத்திருக்கிறார். சொட்டு விடும் தடவை குறைந்திருக்கிறது, விரலுக்கும் அது பெரிய நிம்மதி.

இரண்டு டாக்டரையும் ஒருவரோடொருவர் பேச வைப்பது நோயாளியின் வேலையாகத்தான் இருக்கிறது. ஒரே தாளில் எல்லா மருந்தையும் எழுதி இருவரிடமும் நீட்டுகிறேன். இரவில் வலி குறைந்து தூக்கம் வர எனக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்திருந்தார்கள். அது கண்ணையும் வாயையும் இன்னும் காயவைக்கும். தாளைப் பார்த்த கண் டாக்டர்தான் அதைச் சுட்டிக்காட்டினார், மூட்டு டாக்டர் மாற்றிக் கொடுத்தார். ஒவ்வாமை மாத்திரைகள் பலவும் இப்படித்தான். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை தனியாக வேண்டும். தொடங்கும்போது ஒரு தடவை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருஷா வருஷம். வறட்சிக்குக் கண்ணைக் காட்டுவது அதற்கு ஈடாகாது. வாய் காய்ந்தால் பல் சொத்தை வேகமாக வரும், பல் டாக்டருக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள். காதுக்குக் கீழே தாடையோரம் வீக்கம் வந்து வடியாமல் நின்றால் மூட்டு டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வறட்சியின் எரிச்சலையும் ஆபத்தான வலியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். வறட்சி உறுத்தும், கரிக்கும், சொட்டு விட்டால் கொஞ்சமாவது அடங்கும். வெண்விழியில் வரும் ஸ்க்ளீரைட்டிஸ் வேறு ரகம். கண்ணுக்குள் ஆழமாகக் குடைகிற வலி, நெற்றிக்கும் தாடைக்கும் ஏறும், நடு ராத்திரியில் எழுப்பிவிடும், கண் கருஞ்சிவப்பாகும், தொட்டால் வலிக்கும். ருமட்டாய்டு இருப்பவர்களுக்கு இது வரக்கூடியது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தாலும், வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசினாலும், இமைத்தும் தெளியாதபடி பார்வை மங்கினாலும் அதே அவசரம்தான். இதில் ஏதாவது ஒன்று வந்தால் சொட்டு விட்டுப் பார்க்கலாம், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அப்போதே கண் மருத்துவமனைக்குப் போய், எனக்கு ருமட்டாய்டு இருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.